தாதியே நோயைச் சொல்லலாம்

மொன்றியலில் நம்மவர் பலர் வாழும் கோட்-டெ-நெய்ஜ் பகுதியிலும் குடும்ப டாக்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு. "தாதி பார்த்தால் போதுமா?" என்று இழுப்பவர்களுக்கு ஒரு தகவல்.

கியூபெக் மாகாணத்தில் முதுநிலைப் படிப்பும் தனிப் பயிற்சியும் முடித்த சிறப்புத் தாதியர் இருக்கிறார்கள். சர்க்கரையா, ரத்த அழுத்தமா, இன்ன நோய்தான் என்று 2021 ஜனவரி 25 முதல் அவர்களே உறுதிசெய்யலாம். மருந்து எழுதலாம், கர்ப்பிணிகளையும் கவனிக்கலாம். அதுவரை நோய்க்குப் பெயர் சொல்லும் உரிமை டாக்டருக்கே. கையைக் கட்டிவிட்டு வேலை வாங்கிய கதைதான், போங்கள்! சிக்கல் என்றால் டாக்டரிடம் அனுப்புவார்கள்.

தாதியிடம் போகும்போது பழைய மருந்துச் சீட்டோடு, ஊரிலிருந்து வந்த லேகியத்தையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள். ஒளிக்க வேண்டாம், சில மருந்துகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.