ஏவுகணையா, ஏவூர்தியா?



கலைச்சொல்லாக்கம் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளனர். நெறிமுறைகளை விளக்கும் நூல்கள் பல உள்ளன. நானோ ஒரு பயணத்தையும், அப்பயணத்தில் நான் உணர்ந்த என் பிழையொன்றையும் சொல்ல விரும்புகிறேன்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறை. என் தம்பியும், அவர் பேத்தியும், நானும் சென்னையில் ஒரு வண்டியை அமர்த்திக்கொண்டு வடக்கே புறப்பட்டோம். பேத்தி அப்போது இங்கே உயர்நிலை இரண்டில் பயின்றாள். வண்டியில் இரண்டு கூடாரங்களும் ஓர் அடுப்பும் இருந்தன. சென்னைப் பெருவெள்ளம் வடிந்து இரண்டு வாரமே ஆகியிருந்தது. ஈரத்தில் கூடாரம் எதற்கு என்றேன், தம்பி செவிசாய்க்கவில்லை. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் கடந்து பழவேற்காட்டை அடைந்து, அறிந்தவர் ஒருவரின் சவுக்குத் தோப்பில் மணல் மேட்டைத் தேடிக் கூடாரம் அடித்தோம்.

பழவேற்காடு நமக்கு அந்நியமான ஊரன்று. ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டில் கோட்டை கட்டி வாணிகம் செய்த அத்துறையிலிருந்து நெசவுத்துணி இப்பகுதிக்குக் கப்பலேறியது. ஊர்ப்பெயர் துணியின் பெயராயிற்று. மலாய் மக்கள் இன்றும் ‘காயின் பெலிக்காட்’ என்கின்றனர். நம்மவர் ‘பளையகாட் கைலி’ என்கின்றனர். கப்பல் ‘காப்பால்’ ஆகவும், கடை ‘கெடாய்’ ஆகவும், பெட்டி ‘பெத்தி’ ஆகவும் மலாய் மொழியில் குடியேறியது இத்தகைய வாணிகத் தொடர்பினால்தான். பொருளோடு சொல்லும் பயணம் செய்த காலம் அது.

அதே கடற்கரையில் வடக்கே, ஏரிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா. ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்த அந்நிலத்தில்தான் சதீஷ் தவான் விண்வெளி மையம் உள்ளது. சிங்கப்பூரில் உருவாக்கப்பட்ட முதல் செயற்கைக்கோளான எக்ஸ்-சாட் 2011ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் அங்கிருந்துதான் சென்றது. நாங்கள் காணச் சென்றது டிசம்பர் 16ஆம் நாள் மாலை 6 மணிக்குக் குறிக்கப்பட்ட பி.எஸ்.எல்.வி. சி-29. அதில் இருந்த ஆறு செயற்கைக்கோள்களும் சிங்கப்பூருடையவை. அவற்றுள் பெரியதான டெலியோஸ்-1 ஏறத்தாழ 400 கிலோகிராம் எடையுடையது. நம் இரு பல்கலைக்கழகங்களின் படைப்புகளும் அவற்றுள் இருந்தன. நாடு விடுதலை பெற்ற 50ஆம் ஆண்டு என்பதால் பேத்திக்குப் பெருமிதம் தாளவில்லை.

“இன்னும் சிறிது நேரத்தில் ஏவுகணை கிளம்பிவிடும்” என்றேன்.

“ஏவுகணையா? யார்மேல் தாத்தா?” என்று கேட்டாள்.

நான் வாயடைத்துப்போனேன். அவள் கேலி செய்யவில்லை. செய்தியில் போர் என்று வரும்போதெல்லாம் அவள் கேட்ட சொல் அது. பல ஆண்டுகள் விடைத்தாள் திருத்திய நான், ‘ராக்கெட்’ என்று எழுதிய மாணவரின் சொல்லை அடித்து ‘ஏவுகணை’ என்று சிவப்பு மையில் எழுதியவன். தூய தமிழைக் காப்பதாக எண்ணி, ஊர்தியைப் படைக்கலமாக்கிக் கொண்டிருந்தேன்.

கணை என்றால் அம்புதானே, பிற மொழிகளும் அம்பு என்றுதானே சொல்கின்றன என்று சிலர் வாதிடுவர். உண்மைதான். சீனத்தில் ராக்கெட்டின் பெயர் ‘ஹுவோ ஜியென்’, நெருப்பம்பு. நம் ‘வாணம்’ என்பதும் அம்பைக் குறிக்கும் ‘பாண’ என்னும் வடசொல்லின் வழிவந்ததே. (ராக்கெட் என்ற சொல்லின் மூலமோ இத்தாலிய மொழியில் நூல் நூற்கும் கோல்! வடிவ ஒப்புமையால் வந்த பெயர்.) ஆனால் ஒரு சொல்லின் இன்றைய பொருளை அதன் பிறப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை, பக்கத்தில் நிற்கும் சொற்களும் தீர்மானிக்கின்றன. சீனத்தில் படைக்கலமாகிய ஏவுகணைக்கு வேறு சொல் உண்டு. மலாய் மொழியிலும் ‘ரோக்கெட்’ வேறு, ‘பெலுரு பெர்பாண்டு’ வேறு. நம் அண்டை வீட்டார் இருவரும் பிரித்து வைத்திருப்பதை நாம் மட்டும் ஏன் ஒன்றாக்க வேண்டும்? ‘ஏவூர்தி’ என்ற சொல் நம்மிடம் உள்ளது. ஏவு என்பதன் ஈறு முற்றியலுகரமாயிற்றே, கெடுமா என்று இலக்கணம் வல்லார் கேட்கலாம். ஒரோவழிக் கெடும் என்று நன்னூலார் இடம் தந்திருக்கிறார்.

அன்று கரையில் மீனவர் பலர் நின்றிருந்தனர். ஏவும் நாளில் குறிப்பிட்ட கடற்பகுதிக்குள் படகு செல்லக்கூடாது. ஒரு முதியவர் எங்களிடம், “ராக்கெட் விடுறாங்கன்னா எங்களுக்குத் தொழில் இல்லீங்க ஐயா” என்றார். அவர் பெயர்ச்சொல்லைக் கடன் வாங்கினார். வினைச்சொல்லைக் கடன் வாங்கவில்லை. பட்டம் விடுதல், வாணம் விடுதல், கப்பல் விடுதல் என்ற வரிசையில் ராக்கெட்டையும் இயல்பாகச் சேர்த்துவிட்டார். நாம் எழுத்தில் ஆளும் ‘ஏவு’ என்பதோ கட்டளையிடுவதையும் குறிப்பது. இலக்கணத்தில் ஏவல் வினை, நாட்டு வழக்கில் பில்லி, சூனியம், ஏவல். எந்தக் குழுவும் கூடித் தீர்மானிக்காத ‘விடு’ என்பதில் அத்தகைய அதிகார வாடை இல்லை.

சரியாக 6 மணிக்கு வடக்கே அடிவானம் செம்மஞ்சளாயிற்று. ஓர் ஒளிப்புள்ளி ஓசையின்றி எழுந்து வளைந்தது. நாங்கள் நின்ற இடம் 30 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆகவே ஒலி வந்துசேர ஒன்றரை நிமிடம் ஆயிற்று. அந்த இடைவெளியில் ஒருவரும் பேசவில்லை. பின்னர் தொலைவில் இடி உருண்டது போன்ற முழக்கம். அதற்குள் ஒளி கண்ணுக்கு எட்டாமல் போயிருந்தது.

இதை இன்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் ஓர் ஏவுதளத்திற்கு 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து இலங்கையைச் சுற்றாமல் நேர் தெற்கே செலுத்தலாம்; எரிபொருள் மிச்சமாகும். முற்றிலும் தமிழ் பேசும் கரை அது. அங்கே எச்சரிக்கைப் பலகையும் பள்ளிப் பாடமும் மீனவர்க்கான அறிவிப்பும் தமிழில் வரும். கடலுக்குச் செல்பவர் படிக்கும் அறிவிப்பில் ‘ஏவுகணை’ என்றிருந்தால் அவர் என்ன நினைப்பார்?

ஊர் திரும்பிய பின் பேத்தி அப்பயணத்தைக் கட்டுரையாக எழுதினாள். ‘ராக்கெட் விட்டார்கள்’ என்ற தொடரை ஆசிரியர் அடிக்கோடிட்டு, மேலே ‘ஏவூர்தியை ஏவினார்கள்’ என்று எழுதியிருந்தார். எது சரி என்று என்னைக் கேட்டாள். இரண்டுமே சரி, இடம்தான் வேறு என்றேன். கட்டுரையைத் திருத்தி எழுதியபோது ஆசிரியரின் தொடரைத் தன் கூற்றில் வைத்தாள்; ‘ராக்கெட் விடுறாங்க’ என்பதை மேற்கோள் குறிக்குள் அந்த முதியவரிடமே விட்டுவிட்டாள்.