பழைய விளையாட்டுப் பெட்டியும் வீட்டுக் கணினியும்



தஞ்சோங் மாலிம், பேராங், சிலிம் ரிவர் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பட்டணத்துக் கடைகளில் நின்ற வீடியோ விளையாட்டுப் பெட்டி நினைவிருக்கும். ஆள் உயரப் பெட்டி. முகத்துக்கு நேரே ஒரு திரை. அதன் கீழே கைப்பிடியும் பொத்தான்களும். காசு போட ஒரு துளை. அந்தப் பெட்டிகளில் பல இன்று பழைய சாமான் கடைகளுக்கு வந்துவிட்டன. நம் இளைஞர்கள் சிலர் அவற்றை வாங்கி, வீட்டுக் கணினியை அந்தத் திரையோடு இணைத்துப் பழைய விளையாட்டுகளை மீண்டும் ஆடிப் பார்க்க விரும்புகிறார்கள். அது எப்படி முடிகிறது? எந்த இடத்தில் உயிருக்கே ஆபத்தாகிறது? இவ்விரண்டையும் இன்று பார்ப்போம்.

விளையாட்டு உண்மையில் திரையில் இல்லை. பெட்டிக்குள் இருக்கும் மின்னணுப் பலகையில் இருக்கிறது. 1980-ஆம் ஆண்டு ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட பேக்-மேன் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதன் பலகையில் இசட்-80 என்னும் சிறு சில்லு ஒன்றே மூளையாக இருந்தது. ஈரமும் துருவும் சேர்ந்து இத்தகைய பலகைகளை நாளடைவில் கெடுத்துவிடுகின்றன. அதனால்தான் 1997-இல் இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா, 'மேம்' என்ற மென்பொருளைத் தொடங்கினார். கூத்தில் ஒருவரே இன்று அர்ச்சுனனாகவும் நாளை துரியோதனனாகவும் வேடம் கட்டுவதுபோல, இந்த மென்பொருள் கணினியைப் பழைய பலகைகளின் வேடத்தில் நடிக்கவைக்கிறது. இதைத்தான் 'எமுலேஷன்' என்கிறார்கள்.

ஆக, கணினி பலகையின் வேலையைச் செய்துவிடும். இனிக் கணினியின் கம்பியைப் பழைய திரையில் சொருகினால் போதுமா? போதாது. காரணத்தை நம் காட்டு வேலையைக் கொண்டே விளக்கலாம்.

பால் வெட்டுபவர் ஒரு நிரையில் மரம் மரமாக நடந்து, நிரை முடிந்ததும் அடுத்த நிரைக்குப் போகிறார் அல்லவா? பழைய படக்குழாய்க்குள்ளும் அப்படித்தான் நடக்கிறது. மின்னணுக் கற்றை ஒன்று திரையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் ஓடி ஒரு கோடு போடுகிறது. பிறகு சட்டென்று திரும்பி வந்து அடுத்த கோட்டைப் போடுகிறது. கடைசிக் கோடு முடிந்ததும் மறுபடி மேலே போய்விடுகிறது. இந்த ஓட்டம் மிக விரைவாக நடப்பதால், நம் கண்ணுக்கு முழுப் படமாகத் தெரிகிறது.

மாணவர்கள் கையில் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம். விளையாட்டுப் பெட்டியில் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 262 கோடுகள். விநாடிக்கு 60 படங்கள். பெருக்கினால் 15,720. அதாவது, கற்றை விநாடிக்குச் சுமார் 15,700 முறை குறுக்கே ஓடுகிறது. நம் நாட்டில் 1963-இல் தொடங்கி 2019-இல் முடிவுற்ற பழைய முறைத் தொலைக்காட்சி ஒளிபரப்பில் இந்த எண் 15,625. ஆகவே, நம் வீட்டில் இருந்த பழைய தொலைக்காட்சிப் பெட்டியும் விளையாட்டுப் பெட்டியின் திரையும் ஏறத்தாழ ஒரே வேகக்காரர்கள். கணினியின் கதை வேறு. 1987-இல் வந்த வி.ஜி.ஏ. முறைப்படி ஒரு படத்துக்கு 525 கோடுகள்; விநாடிக்கு 60 படங்கள். பெருக்கினால் 31,500. இது பழைய திரையின் வேகத்தைப் போல இரண்டு மடங்கு.

கோலாட்டத்தில் ஒருவர் ஒரு தாளத்திலும் எதிரில் நிற்பவர் இரட்டைத் தாளத்திலும் அடித்தால் கோல்கள் சேருமா? அதுபோலவே இங்கும் படம் கிழிந்து, பல துண்டுகளாக ஓடும். அதோடு போவதில்லை. பழைய திரைகள் சிலவற்றில், இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், கற்றையை ஓட்டும் டிரான்சிஸ்டர் சூடேறிப் பொசுங்கிவிடும். எனவே, இணைப்பு வேலையில் மூன்று காரியங்கள் பொருந்த வேண்டும்.

முதலாவது, வேகம். கணினியை 15,700 வேகத்துக்கு இறக்க வேண்டும். பழைய ரேடியான் வகைப் படப்பலகைகள் சிலவற்றை இதற்கென எழுதப்பட்ட மென்பொருளால் இந்த வேகத்துக்குப் பழக்கலாம். ஆனால், கணினியை முடுக்கியவுடன் தோன்றும் முதல் எழுத்துகள் பெரும்பாலும் பழைய 31,500 வேகத்திலேயே வரும். ஆகையால், கணினி முழுதாக எழுந்த பிறகே திரைக்கு மின்சாரம் கொடுப்பது நல்லது. 'ஜே-பேக்' போன்ற இணைப்புப் பலகைகள், மிகுந்த வேகத்தில் வரும் துடிப்பைத் தாமே தடுத்துவிடுகின்றன.

இரண்டாவது, தாளக் கம்பி. எப்போது புதிய கோடு, எப்போது புதிய படம் என்று திரைக்குச் சொல்லும் துடிப்புகளைக் கணினி இரண்டு கம்பிகளில் அனுப்புகிறது. பல விளையாட்டுப் பெட்டிகள் அவற்றை ஒரே கம்பியில் எதிர்பார்க்கின்றன. ஜப்பானியர் 1985-இல் வகுத்த 'ஜாமா' என்ற 56 முனை இணைப்பிலும் இதற்கு ஒரே முனைதான். ஆகவே இரண்டையும் முறைப்படி ஒன்றாக்க வேண்டும்.

மூன்றாவது, வலிமை. கணினி தரும் நிறச் சமிக்ஞை 0.7 வோல்ட் மட்டுமே. விளையாட்டுப் பெட்டித் திரைகள் பல இதைவிடக் கூடுதலாகக் கேட்கும். இடையில் ஒரு சிறு பெருக்கி இல்லையென்றால் படம் மங்கலாகத் தெரியும். முன்சொன்ன இணைப்புப் பலகைகளில் இந்தப் பெருக்கியும் சேர்ந்தே வருகிறது.

நேயர்களே, இதுவரை சொன்னதில் தவறினால் பணம் போகும். இனிச் சொல்வதில் தவறினால் ஆளே போய்விடலாம். பெற்றோர்கள் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும்.

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம் நாட்டில் 230 வோல்ட். ஜப்பானியப் பெட்டியை நேரே நம் சுவரில் செருகக் கூடாது. மேலும், பல பெட்டிகளின் அடியில் கனமான இரும்புக் கட்டி போன்ற ஒரு மின்மாற்றி இருக்கும். வீண் பாரமென்று அதைக் கழற்றி எறிபவர்கள் உண்டு. சுவர் மின்சாரத்துக்கும் திரைக்கும் இடையே அது வேலிபோல் நிற்கிறது. அது இல்லாவிட்டால், பல திரைகளின் உலோகச் சட்டத்திலேயே மின்சாரம் நிற்கும், இணைத்த கணினியிலும் பாயும், தொட்டவரையும் தாக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து படக்குழாயில் இருக்கிறது. வண்ணப் படக்குழாய்க்கு 20,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் தேவை. குழாயின் கண்ணாடி அந்த மின்சாரத்தைத் தேக்கிவைக்கிறது. சுவரிலிருந்து கம்பியைப் பிடுங்கிய பிறகும் பல மணி நேரம், சில சமயம் நாள் கணக்கில், அது உள்ளே தங்கியிருக்கும். 'சுவிட்ச் அணைத்தாயிற்று, இனிப் பயமில்லை' என்ற எண்ணம் இங்கே செல்லாது. குழாயின் மெல்லிய கழுத்தில் இடித்தால், உள்ளே வெற்றிடமாக இருப்பதால் கண்ணாடி நொறுங்கிச் சிதறும் அபாயமும் உண்டு. ஆகவே, கணினிப் பக்கத்து வேலையைப் பிள்ளைகள் செய்யட்டும். திரையின் பின்பக்கத்தை மட்டும் பழைய தொலைக்காட்சி பழுதுபார்த்த அனுபவசாலிதான் தொட வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், படக்குழாயை அவரைப் போன்ற ஒருவரைத் தேடி அழைத்துக் கழற்றச் சொல்லும்வரை பெட்டியைத் திறக்காமல் வைத்திருப்பதே அறிவுடைமை. பிறகு அங்கே ஒரு தட்டைத் திரையைப் பொருத்தினாலும் விளையாட்டு நடக்கும். பழைய படத்தின் கோடுகோடான அழகு மட்டும் குறையும்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 'மேம்' மென்பொருள் இலவசம். ஆனால் விளையாட்டுகள் அவற்றை உருவாக்கியவர்களின் உடைமை. நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் அவற்றையும் காக்கிறது.

விளையாட்டுக்கு இத்தனை பாடா என்று சில பெற்றோர் கேட்கலாம். பெருக்கல் கணக்கு, மின்சாரம், கம்பி இணைப்பு, பொறுமை இவை நான்கும் இந்த ஒரு பெட்டிக்குள் இருக்கின்றன. பால் வாளியும் செம்பனைக் குலையும் தூக்கிய குடும்பத்துப் பிள்ளை, ஒரு பழைய திரையின் தாளத்தைக் கணக்கிட்டுப் பிடித்துவிட்டால், அவனுக்கோ அவளுக்கோ மின்னணுத் தொழில் எட்டாத ஒன்றல்ல. அந்த ஆர்வம் கண்ணில் பட்டால், எஸ்.பி.எம். தேர்வுக்குப் பிறகு ஈப்போவிலுள்ள ஐ.எல்.பி. போன்ற தொழிற்பயிற்சி நிலையங்களைப் பற்றிப் பள்ளி ஆசிரியரிடம் விசாரியுங்கள். அதுவரை, பெட்டியின் பின்கதவு பூட்டியே இருக்கட்டும். சாவி பெரியவர் கையில் இருக்கட்டும்.