பழுதும் சான்றும்

முதுமையினால் கட்டிலோடு ஒடுங்கிவிட்ட ஒருவருக்குத் தொலைக்காட்சி பெருந்துணை. அதனை இருந்த இடத்திலிருந்தே இயக்க உதவுவது 'றிமோட்' என்னும் கைக்கருவி. ஒருநாள் அக்கருவியில் ஒலியைக் கூட்டும் பொத்தான் மட்டும் வேலை செய்ய மறுக்கின்றது. ஏனைய பொத்தான்கள் முன்போலவே இயங்குகின்றன. செவி மங்கிய அம்முதியவர் படத்தைக் காண்கின்றார். பேச்சோ அவருக்குக் கேட்பதில்லை. வீட்டார் செய்வது யாது? முதலிற் கருவியைக் கையிலே தட்டுகின்றனர். பின்னர் புதிய பற்றரிகளை இடுகின்றனர். ஈற்றில் அதனைக் குப்பையில் எறிகின்றனர். மூன்றும் ஆராயாமற் செய்யும் செயல்களே.

முற்றாக நின்ற கருவி தன் நோயைச் சொல்லாது; பாதி நின்ற கருவி சொல்லும். நல்ல வைத்தியர் வலிக்கும் இடத்தை மட்டுமன்றி, வலியாத இடத்தையும் தொட்டுப் பார்ப்பார். இங்கும் அவ்வழியே ஏற்றது.

கருவியின் உள்ளே றப்பர் விரிப்பொன்று உண்டு. ஒவ்வொரு பொத்தானின் அடியிலும் கரி கலந்த சிறு வில்லை இருக்கும். பொத்தானை அழுத்த, அவ்வில்லை சுற்றுப் பலகையிலுள்ள இரு மின்பாதைகளை இணைக்கின்றது. நுண்சுற்று அதனை உணர்ந்து, அப்பொத்தானுக்குரிய குறியீட்டை முனையிலுள்ள சிறு விளக்கின் வழியே அனுப்புகின்றது. அவ்விளக்கு உமிழ்வது கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக்கீழ்க் கதிர். பெரும்பாலான கருவிகளில் அது செக்கனுக்கு ஏறக்குறைய 38,000 தடவை துடிக்கின்றது.

எனவே, ஒரு பொத்தானேனும் தூரத்திலிருந்து செவ்வனே இயங்குமாயின், பற்றரியும் விளக்கும் தொலைக்காட்சியின் வாங்கியும் பெரும்பாலும் குற்றமற்றவை. பற்றரி தளர்ந்தால் எல்லாப் பொத்தான்களும் ஒருங்கே தளர்வதே வழக்கம். நின்றது ஒரு பொத்தான் மட்டுமாயின் அழுக்கையோ தேய்ந்த வில்லையையோ ஐயுறலாம். பல பொத்தான்கள் ஒருசேர நின்றிருப்பின், அவற்றுக்குப் பொதுவான மின்பாதை கருவி விழுந்த வேளையில் வெடித்திருக்கலாம். புதிய கருவிகள் சிலவற்றில் சில பொத்தான்கள் கதிராலும் ஏனையவை புளூடூத் என்னும் வானலையாலும் இயங்கும். வானலை இணைப்பு அற்றால் பின்னவை மட்டும் நின்றுவிடும். மீண்டும் இணைத்தாற் போதும்.

ஐயத்தைத் தெளிவிக்க எளிய சோதனை ஒன்றுண்டு. கைத்தொலைபேசியின் கமரா முன்னே கருவியின் முனையைப் பிடித்து, முதலில் இயங்கும் பொத்தானை அழுத்த வேண்டும். திரையில் விளக்கு மின்னுவது தெரியும். சில கமராக்கள் இக்கதிரைத் தடுத்துவிடுமாதலால், தெரியாவிடின் தொலைபேசியின் முன்புறக் கமராவைப் பயன்படுத்தலாம். அடுத்து, இயங்காத பொத்தானை அழுத்த வேண்டும். அதற்கும் விளக்கு மின்னினால், பழுதைத் தொலைக்காட்சியின் அமைப்புகளிலே தேடலாம். கதிரால் இயங்கும் பொத்தானாயிருந்தும் மின்னாவிடின், பழுது பெரும்பாலும் பொத்தானின் அடியிலேதான்.

அதற்கு மருந்தும் எளியதே. பற்றரிகளை அகற்றி, உறையை மெல்லத் திறந்து, சுற்றுப் பலகையை ஐசோபுறோப்பைல் அற்ககோல் தோய்த்த பஞ்சினால் துடைக்க வேண்டும். றப்பர் விரிப்பைச் சவர்க்கார நீரில் அலசி, ஈரம் முற்றாக நீங்கும்வரை உலர்த்த வேண்டும். கரி வில்லைகளைச் சுரண்டலாகாது. சுரண்டினால் கரியும் போய்விடும். விரலின் வியர்வையும், சிந்திய தேநீரும், றப்பரிலிருந்து கசியும் எண்ணெய்ப் பசையுமே பலவேளைகளில் இப்பழுதுக்குக் காரணம். வில்லை முற்றாகத் தேய்ந்திருப்பின் மாத்திரமே வேறு வில்லையோ வேறு கருவியோ தேவைப்படும்.

எது நின்றது என்று மட்டும் கேட்பவர் கருவியை எறிந்துவிடுகின்றார். எது நிற்கவில்லை என்றும் கேட்பவர் அரைமணி நேரத்தில் பழுதின் இருப்பிடத்தை அறிந்துகொள்கின்றார். விரிப்பு உலர்ந்ததும், அன்று மாலைச் செய்தி கட்டிலில் இருப்பவரின் காதுக்கும் எட்டுகின்றது.