தமிழ் முகவரியும் மடல் செல்லும் வழியும்



மின்னஞ்சல் முகவரியில் இரண்டு உறுப்புகள் உள்ளன. '@' குறிக்கு முன் நிற்பது பெட்டியின் பெயர். பின் நிற்பது களப்பெயர். ஒரு களப்பெயருக்குரிய மடலை எந்த வழங்கியிடம் சேர்க்க வேண்டும் என்பதை எம்எக்ஸ் பதிவு அறிவிக்கிறது. அதில் வழங்கிகள் பல இடம்பெறலாம். குறைந்த எண்ணுடைய வழங்கியே முதலில் நாடப்படும். அது செயலற்றிருப்பின் அடுத்ததிடம் மடல் செல்லும்.

2011ஆம் ஆண்டில் '.சிங்கப்பூர்' என்னும் தமிழ்க் களப்பெயர் அறிமுகமாயிற்று. ஆகவே, ஒரு பள்ளி ஆங்கிலக் களப்பெயர் ஒன்றும் தமிழ்க் களப்பெயர் ஒன்றும் கொண்டு, அவற்றை இருவேறு வழங்கிகளில் நடத்துதல் இயலும். தமிழ்க் களப்பெயர், 2003இல் வரையறுக்கப்பட்ட பியூனிகோட் முறையால் இலத்தீன் எழுத்து வடிவம் பெற்றுச் செல்வதால், பழைய வழங்கிகளும் அதனை ஏற்கும். பெட்டியின் பெயருக்கோ அத்தகைய மாற்றுருவம் இல்லை. 2012இல் வெளியான ஆர்எஃப்சி 6531 நெறியின்படி, பிறமொழி எழுத்துகளை ஏற்பதாக வழங்கி தானே அறிவித்தல் வேண்டும். முதல் வழங்கி அறிவித்து, மாற்று வழங்கி அறிவியாதிருப்பின், முதலாவது பழுதுற்ற நாளில் தமிழ் முகவரிக்கு வரும் மடல் திரும்பிவிடும். ஆதலின் வழியிலுள்ள வழங்கி ஒவ்வொன்றையும் ஆராய்தல் வேண்டும்.

இனி எழுத்துக்கு வருவோம். உயிரெழுத்துகளுள் இறுதியானது ஔ. ஒருங்குறியில் அது தனியெழுத்து. ஒகரத்தின் பின் ளகரத்தைத் தட்டினாலும் 'ஒள' எனப் பெரிதும் அதனைப் போன்றே தோன்றும். 'கொ' என்பதன் ஒற்றைக் குறியீட்டையும் இரட்டைக் குறியீட்டையும் ஒன்றாக்க ஒருங்குறியில் விதி உண்டு. ஔ, ஒள என்னும் இவற்றை ஒன்றாக்க விதி இல்லை. கண்ணுக்கு ஒன்று, வழங்கிக்கு இரண்டு.

'ஔவை' என்னும் பெட்டியுடைய ஆசிரியருக்கு ஒரு மாணவர் 'ஒளவை' எனத் தட்டி ஒப்படைப்பை அனுப்புகிறார் என்க. அப்பெயரில் பெட்டி இல்லை என மடல் திரும்புகிறது. முகவரியை எத்தனை முறை பார்த்தாலும் மாணவருக்குப் பிழை புலப்படாது. ஆசிரியரோ, மாணவர் ஒப்படைக்கவில்லை எனக் கருதுவார். இருவர் மீதும் குற்றமில்லை. இழப்பு மட்டும் மாணவருடையது.

பெட்டியின் பெயரைப் பொருள்கொள்ளும் உரிமை மடலைப் பெறும் இறுதி வழங்கிக்கே உண்டு. எனவே தீர்வும் அங்கேயே உள்ளது. 'ஒளவை' என்னும் வடிவையும், இலத்தீன் எழுத்திலான பெயர் ஒன்றையும் மாற்றுப் பெயர்களாகப் பதிந்து, மூன்றையும் ஒரே பெட்டிக்குத் திருப்புதல் வேண்டும். இரு களப்பெயர்களுக்கும் இதனைச் செய்தல் வேண்டும்.

பதிவு செய்பவர் கணினி வல்லுநர். எவ்விரு வடிவங்கள் மயங்கும் என அவருக்கு எடுத்துரைக்க வேண்டியவர் தமிழாசிரியர். ஔகாரத்தை ஓரெழுத்தாகத் தட்டும் பழக்கத்தை வகுப்பறையில் ஊட்டுவதும் அவர் கடமையே. எழுத்திலக்கணம் இன்று மடல் போய்ச் சேர்வதற்கும் வேண்டப்படுகிறது.