காற்றில் வந்ததைக் காத்து வைப்போம்
(பங்கு விழாவையொட்டி நடந்த கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழா மலர் என்றால் ஆலயம் எழுந்த கதையும், பணியாற்றிய குருக்களின் வரிசையும் இடம்பெறுவது வழக்கம். அவை வேண்டியவையே. ஆயினும் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது வேறொன்று.

சென்ற மழைக்காலத்தில் நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் இறைவனடி சேர்ந்தார். அடக்கம் முடிந்து சில நாட்களுக்குப் பின் ஆறுதல் சொல்ல அவர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். திண்ணையில் ஒரு கோணிச் சாக்கு, பழைய பேப்பர்காரருக்காகக் கட்டி வைக்கப்பட்டிருந்தது. அவிழ்த்துப் பார்த்தோம். லண்டன், மாஸ்கோ, பீகிங், வத்திக்கான், மணிலா எனப் பல வானொலி நிலையங்களிலிருந்து அவர் பெயருக்கு வந்த வண்ண அட்டைகள்! "அப்பன் ரேடியோ கேட்ட கடுதாசிங்க சாமி, இனி ஆருக்குங்க ஆகப்போவுது? போன வாரமே ஒரு சாக்கைப் போட்டுட்டோமுங்க" என்றார் மகன்.

அவரைக் கடிந்துகொள்ள நமக்கு வாயில்லை. குருமடத்தில் பயின்ற நாட்களில் நாமும் சிற்றலை கேட்டவர்தாம், அட்டைகள் சேர்த்தவர்தாம். பின்னர் ஒரு பங்கிலிருந்து மறு பங்கிற்கு மாற்றலாகிச் சென்றபோது, சுமை என்று கருதி நம் கையாலேயே அவற்றை எரித்தோம். அந்த வருத்தமே இன்று நம்மைப் பேச வைக்கிறது.

இளையோருக்குச் சற்று விளக்க வேண்டும். சிற்றலை என்பது வானில் உயரே உள்ள அயனி மண்டலத்தில் பட்டு, மீண்டும் பூமிக்குத் திரும்பும் அலை. ஆகவே கடல் கடந்து பல்லாயிரம் கிலோமீட்டர் அது செல்லும். 25 மீட்டர், 31 மீட்டர், 41 மீட்டர் என்று முள்ளை நகர்த்தித் தேடுவார்கள். வீட்டுக்கூரையில் கம்பி கட்டி, இரைச்சலுக்கு நடுவே ஒரு குரலைப் பிடிப்பதே ஒரு தவம்.

பிடித்த பின் நிலையத்திற்குக் கடிதம் எழுத வேண்டும். எந்த நாள், எந்த அலை, என்ன நிகழ்ச்சி என்பதோடு நம் கடிகாரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்து உலக நேரத்தையும் குறிக்க வேண்டும். ஒலியின் வலிமை, குறுக்கீடு, இரைச்சல், அலையின் ஏற்றத்தாழ்வு, மொத்தத் தரம் ஆகிய ஐந்திற்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இட வேண்டும். விவரம் சரியென்றால் நிலையம் ஓர் அட்டை அனுப்பும். அதற்குக் கியூ.எஸ்.எல். அட்டை என்று பெயர். உயர்ந்த படிப்பில்லாத நம் பெரியவர்கள், பகல் முழுதும் உழைத்து, இரவில் இத்தனை ஒழுங்கோடு எழுதினார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அவர்கள் கேட்டவை எவை? 1952-இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைக் குறைத்தபோது நாடெங்கும் நேயர்கள் இலங்கை வானொலியை நாடினர். அதன் தமிழ்ச் சேவையும் நம் வீடுகளில் குடியேறியது. 'பொங்கும் பூம்புனல்' கேட்டுக் கண்விழித்த வீடுகள் எத்தனை! 1941 மே மாதம் தொடங்கிய பி.பி.சி. தமிழ்ச் சேவை உலகச் செய்தியைத் தமிழில் தந்தது. 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி அம்மையார் இறந்த செய்தியை நம் அரசு வானொலி மாலையில்தான் அறிவித்தது. பி.பி.சி. பல மணி நேரம் முன்பே சொல்லிவிட்டது. அன்று சிற்றலை கேட்டவர் வீட்டு வாசலில் ஊரே கூடிற்று.

நம் திருச்சபையும் இதில் பின்தங்கவில்லை. வானொலியின் தந்தை எனப்படும் மார்க்கோனி அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலியை 1931 பிப்ரவரி 12 அன்று திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் தொடங்கி வைத்தார். 1969-இல் பிலிப்பைன்சில் தொடங்கிய வேரித்தாஸ் வானொலி ஆசிய மொழிகள் பலவற்றில் பேசியது. அதன் தமிழ்ப்பணிக்குக் கடிதம் எழுதிய கைகள் நம் பங்கிலும் உண்டு.

காலம் மாறிற்று. பி.பி.சி. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-உடன் நின்றது. வேரித்தாஸ் 2018 ஜூன் 30-உடன் சிற்றலையை விட்டு இணையத்திற்குச் சென்றது. அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் குரல்கள் காற்றோடு போய்விட்டன. இவற்றை நம்மவர் கேட்டார்கள் என்பதற்கு எஞ்சிய சாட்சி இந்த அட்டைகளும் கடிதங்களுமே. நிலையங்கள் தாம் ஒலிபரப்பியதைக் குறித்து வைத்திருக்கலாம். தாராபுரத்தில் ஒரு மனிதர் அதை எப்படிக் கேட்டார் என்பதை நாம் அல்லாமல் யார் குறித்து வைப்பார்?

பிற நாட்டார் விழித்துக்கொண்டனர். அமெரிக்காவில் இவ்வட்டைகளைக் காப்பதற்கென்றே 1986-இல் ஒரு குழு அமைந்தது. அதன் தொகுப்பு மேரிலாண்ட் பல்கலைக்கழக நூலகத்தில் இடம்பெற்றது. ஆஸ்திரியாவின் வியன்னா நகரிலும் ஒரு காப்பகம் பல லட்சம் அட்டைகளைப் பேணுகிறது. நமக்கு அத்தனை வசதி வேண்டியதில்லை. ஒரு தகரப் பெட்டியும் கொஞ்சம் அக்கறையும் போதும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, வீட்டில் பழைய வானொலி அட்டை, கடிதம், நேயர் குறிப்பேடு, தபால் நிலையத்தில் வாங்கிய வானொலி லைசென்சுப் புத்தகம் எதுவாயினும் எடைக்குப் போடாதீர்கள். கொடுக்க மனமில்லையெனில் படம் பிடித்துக்கொண்டு திருப்பித் தருவோம். இரண்டாவது, அட்டை யாருடையது, எங்கே இருந்து கேட்டார் என்பதைத் தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள். அட்டையில் பசை தடவ வேண்டாம். மூன்றாவது, பனியன் கம்பெனிகளுக்குச் சென்று வரும் நம் இளைஞர்கள் ஞாயிறு திருப்பலி முடிந்தபின் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பெரியவர் ஒருவரிடம் அமர்ந்து அவர் வானொலி கேட்ட கதையைக் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். இதைத் தள்ளிப்போட இயலாது. அட்டை காத்திருக்கும், ஆள் காத்திருக்க மாட்டார்.

ஐயாயிரம் பேர் பசியாறிய பின்னும் மிஞ்சிய துண்டுகளைச் சீடர்கள் கூடைகளில் சேர்த்தார்கள் என்பதை நாம் அறிவோம். அந்தத் திண்ணையிலிருந்த சாக்கு இப்போது நம் பங்கு இல்லத்தில் பத்திரமாக உள்ளது. மற்றொரு சாக்கு போனது போனதுதான். மூன்றாவது ஒன்று எந்த வீட்டிலோ இருக்கிறது. அதை நாம் முந்திக்கொள்வோம்.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.