அடங்கும் மரபணுவும் மலைவாழ் குழந்தையும்

(வேலந்தாவளத்தில் மாணவர்கள், அலுவலர்கள் முன்னிலையில் ஆற்றிய உரை)



நம் உடலின் உயிரணுக்களில் மிகப் பெரும்பாலானவை ஒரே மரபணுத் தொகுதியைக் கொண்டவை. ஆயினும் கணையத்தின் உயிரணு இன்சுலினை ஆக்குகிறது. கண்ணின் உயிரணு அதனை ஆக்குவதில்லை. எந்த மரபணு எப்பொழுது இயங்க வேண்டும், எப்பொழுது அடங்க வேண்டும் என்பதை ஒவ்வோர் உயிரணுவும் முறைப்படுத்துவதே இதற்குக் காரணம்.

இம்முறையைப் பிரெஞ்சு அறிஞர்களான ஜாக்கோப், மோனோ ஆகியோர் 1961-இல் தெளிவாக விளக்கினர். குடலில் வாழும் ஈ.கோலி என்னும் பாக்டீரியா, பாற்சர்க்கரை கிடைக்கும்போதுதான் அதனைச் சிதைக்கும் நொதியை மிகுதியாக ஆக்குகிறது. மற்ற நேரங்களில் ஒரு புரதம் டி.என்.ஏ.யின் மீது அமர்ந்து உரிய மரபணுக்களை அடக்கி வைக்கிறது. இப்பணிக்காக, லுவோஃப் என்பாருடன் அவர்கள் 1965-இல் நோபல் பரிசு பெற்றனர்.

பாக்டீரியாவைப் பற்றிய இந்த அறிவால் நமக்கு என்ன பயன்? இதே பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி மலைப்பகுதியில் பழங்குடி மக்களிடையே காணப்படும் அரிவாள் அணுச் சோகை இவ்வினாவிற்கு விடை தருகிறது. அண்டையிலுள்ள நீலகிரிப் பழங்குடியினரிடம் இதற்குரிய மரபணு இருப்பதை லேமன், கட்புஷ் ஆகியோர் 1952-இலேயே வெளியிட்டனர்.

ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது அமினோ அமிலம் மாறிவிடுவதே இந்நோயின் மூலம். ஆக்சிஜன் குறையும்போது, மாறிய ஹீமோகுளோபின் இழை இழையாகத் திரண்டு சிவப்பணுவை அரிவாள் போல் வளைக்கிறது. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைக்கின்றன. கடும் வலியும் சோகையும் தொற்றுநோய்களும் தொடர்கின்றன. தாய் தந்தை இருவரிடமிருந்தும் இக்குறை வந்தாலே நோய் தோன்றும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வார்.

ஆனால் இக்குறையுடன் பிறந்த குழந்தை முதற்சில மாதங்கள் நலமாகவே இருக்கிறது. கருவில் இருக்கும்போது பீட்டாவிற்குப் பதிலாகக் காமா சங்கிலியின் மரபணு இயங்குகிறது. அதனால் உண்டாகும் கருக்கால ஹீமோகுளோபின், அணுக்கள் வளைவதைத் தடுக்கிறது. பிறந்த பின்னர்க் காமா மரபணு படிப்படியாக அடங்குகிறது. பீட்டா மரபணு முன்னிற்கிறது. அப்பொழுதே நோயும் வெளிப்படுகிறது.

காமா மரபணுவை அடக்குவதில் பி.சி.எல்.11ஏ என்னும் புரதத்திற்கு முக்கியப் பங்கு உண்டென 2008-இல் நிறுவப்பட்டது. நோயாளியின் குருதி மூல உயிரணுக்களில் இப்புரதத்தின் கட்டுப்பாட்டுப் பகுதியை வெட்டித் திருத்தும் சிகிச்சைக்கு 2023-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. அமெரிக்காவில் அதற்கு அறிவிக்கப்பட்ட விலை ஏறத்தாழ 22 லட்சம் டாலர். எனினும் ஹைட்ராக்சியூரியா என்னும் விலை குறைந்த மாத்திரை, கருக்கால ஹீமோகுளோபினை ஓரளவு மீண்டும் பெருக்கி, வலி வரும் தடவைகளைக் குறைக்கிறது. இதனை மருத்துவர் மேற்பார்வையில், குருதி எண்ணிக்கையை அவ்வப்போது சோதித்து உட்கொள்ள வேண்டும்.

அலுவலர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. முகாம்களில் வழக்கமாகச் செய்யப்படும் எளிய கரைதிறன் சோதனை, ஆறு மாதத்திற்குட்பட்ட சிசுக்களுக்கு நம்பத்தக்கதன்று. கருக்கால ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதால் நோயிருந்தும் இல்லையெனக் காட்டிவிடலாம். ஆகவே பிறந்த குழந்தையின் ஒரு சொட்டு இரத்தத்தைத் தாளில் உலர்த்தி, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்தறியும் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புதல் வேண்டும். முன்கூட்டி அறிந்தால் பென்சிலினும் தடுப்பூசிகளும் கொடுத்துக் கொடிய தொற்றுகளிலிருந்து அக்குழந்தையைக் காக்கலாம்.

1 ஜூலை 2023 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தொடங்கப்பெற்ற தேசிய அரிவாள் அணுச் சோகை ஒழிப்பு இயக்கம், 2047-க்குள் இந்நோயை ஒழிப்பதைக் குறிக்கோளாகக் கொண்டுள்ளது. கேரளமும் தமிழ்நாடும் இதில் அடங்கும். மலைவாழ் குடும்பங்கள் மாநில எல்லையை மதித்து மணவுறவு கொள்வதில்லை. எனவே சோதனைப் பதிவேடுகளும் எல்லையோடு நின்றுவிடலாகாது. குறையைச் சுமப்போர் எவரும் இகழ்ச்சிக்கு உள்ளாகாதவாறு ஆலோசனை அவரவர் மொழியில் கிடைத்தல் வேண்டும்.

காமா மரபணு அடங்குவதற்கு முன் இயற்கை நமக்குச் சில மாத அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்திற்குள் குழந்தையைக் கண்டறிவது நம் நிர்வாகத்தின் கடமையாகும்.