படம் போடுவதற்கு முன்னால்

(டிஜிட்டல் வீடியோ புரொஜெக்டரை அமைப்பதும் பாதுகாப்பாக இயக்குவதும் குறித்து, முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் என்னிடம், "டெக்னிக்கலா ஏதாவது பேசுங்க, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்று கேட்டுக்கொண்டார். இங்கே படித்து முடித்த பிறகு அரங்குகளில் ஒலி, ஒளிக் கருவிகள் அமைக்கும் தொழிலில் இருக்கிறேன். ஆகவே தெரிந்த தொழிலையே பேசுகிறேன்.

ஓர் அரங்குக்குப் போனால், மைக்செட்டுக்கு ஓர் ஆள் இருப்பார், ஜெனரேட்டருக்கு ஓர் ஆள் இருப்பார். புரொஜெக்டருக்கு யார் என்று கேட்டால் மட்டும், "ரிமோட் ஆபீஸ் ரூம்ல இருக்கு சார், யாராச்சும் போட்டுக்குவாங்க" என்று பதில் வரும். அந்த 'யாராச்சும்' என்பவரைப் பற்றித்தான் இன்று என் பேச்சு.

ஒரு காலத்தில் படம் காட்டுவது யாராவது செய்கிற வேலையாக இல்லை. 1905-ல் திருச்சியில் ரயில்வே டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார். அந்தக் கால ஃபிலிம் நைட்ரேட்டால் ஆனது. பற்றிக்கொண்டால் தண்ணீரில் போட்டாலும் அணையாது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. ஃபிலிம் மட்டுமல்ல, விளக்கும் ஆபத்துதான். 1897-ல் பாரீஸ் நகரில் ஒரு தர்மச் சந்தையில், படம் காட்டும் கருவியின் விளக்கிலிருந்து கிளம்பிய தீயில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இந்தியாவில் 1918-ல் வந்த சினிமாட்டோகிராஃப் சட்டம் தணிக்கைக்கு மட்டுமல்ல, பார்வையாளர்களின் பாதுகாப்புக்காகவும் வந்ததுதான். கருவிக்குத் தனி அறை, அதற்குத் தீயணைப்பு ஏற்பாடு, ஆபரேட்டருக்கு உரிமம் என்று பின்னால் வந்த விதிகள் எல்லாம் இப்படிப்பட்ட விபத்துகள் கற்றுத்தந்த பாடங்கள்.

பிறகு டிஜிட்டல் வந்தது. 1987-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் என்ற விஞ்ஞானி, நகக்கண் அளவுள்ள சில்லின் மேல் அசையும் நுண்கண்ணாடிகளை அமைத்தார். டி.எல்.பி. புரொஜெக்டரின் இதயம் இதுதான். இன்று முழு எச்.டி. சில்லு ஒன்றில் இருபது லட்சத்துக்கும் அதிகமான கண்ணாடிகள் இருக்கலாம். ஒவ்வொன்றும் ஒரு விநாடிக்குள் ஆயிரக்கணக்கான முறை சாய்ந்து, வெளிச்சத்தை லென்ஸ் பக்கம் தள்ளும் அல்லது ஒதுக்கும். 2000-க்குப் பிறகு சென்னையின் ரியல் இமேஜ் நிறுவனம் உருவாக்கிய 'க்யூப்' போன்ற முறைகள் நம் தியேட்டர்களுக்குள் வந்தன. "பெட்டி வந்தாச்சா?" என்று ரசிகர்கள் வாசலில் காத்துக் கிடந்த காலம் முடிந்தது.

ஃபிலிம் போனது, அதோடு பழைய தீப்பயமும் போனது. பள்ளியிலும் கல்லூரியிலும் கல்யாண மண்டபத்திலும் ஆபரேட்டரையும் சேர்த்து அனுப்பிவிட்டோம். ஆனால் வெளிச்சம், மின்சாரம், சூடு, உயரம் ஆகிய நான்கும் அப்படியேதான் இருக்கின்றன.

முதலில் கருவியை அமைப்பது. பலரும் புரொஜெக்டரை வாங்கிவிட்டு அப்புறம் இடம் தேடுகிறார்கள். திரையிலிருந்து தொடங்குங்கள். திரையின் அடிப்பக்கம் தரையிலிருந்து நாலடியாவது உயரத்தில் இருந்தால்தான் கடைசி வரிசைக்கு எழுத்து தெரியும். அடுத்து தூரம். ஒவ்வொரு லென்ஸுக்கும் 'த்ரோ ரேஷியோ' என்று ஓர் எண் உண்டு. திரையின் அகலத்தை அந்த எண்ணால் பெருக்கினால் கருவி நிற்க வேண்டிய தூரம் வந்துவிடும். 12 அடி அகலத் திரை, எண் 1.5 என்றால் 18 அடி. அவ்வளவுதான் கணக்கு.

அடுத்தது வெளிச்சம். "படம் மங்கலா இருக்கு, இன்னும் பெரிய லூமன் மிஷின் வாங்கணும்" என்பார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயர மலையுச்சியில் ஏற்றும் தீபம் பல மைல் தூரத்துக்குத் தெரிகிறது. அதே தீயை நண்பகலில் ஏற்றினால் கீழ்நாத்தூரிலிருந்துகூடத் தேடித்தான் பார்க்க வேண்டும். தீபத்துக்கு உதவுவது சுற்றியுள்ள இருட்டு.

இதையே எண்ணில் பார்ப்போம். 4,000 லூமன் கருவி ஒன்று 12 அடி அகலத் திரையில் சுமார் 530 லக்ஸ் வெளிச்சம் தரும். முன்வரிசை டியூப்லைட்டுகள் அதே திரையில் 300 லக்ஸ் கொட்டினால், வெள்ளை 830, கறுப்பு 300. வித்தியாசம் மூன்று மடங்குகூட இல்லை. கையைக் கடித்து 8,000 லூமன் கருவி வாங்கினாலும் நாலரை மடங்குதான் வரும். அந்த டியூப்லைட்டுகளை மட்டும் அணைத்து, திரையில் விழும் வெளி வெளிச்சத்தை 5 லக்ஸாகக் குறைத்தால், பழைய 4,000 லூமன் கருவியிலேயே நூறு மடங்கு கிடைக்கும். ஆகவே திரைக்கு மேலே உள்ள விளக்குகளுக்குத் தனி சுவிட்ச் போடுங்கள். லட்ச ரூபாய் வேலையை அந்த ஒரு சுவிட்ச் செய்துவிடும்.

படம் ஒரு பக்கம் அகன்று சரிவகம் மாதிரி வந்தால் உடனே ரிமோட்டில் 'கீஸ்டோன்' பொத்தானை அழுத்தாதீர்கள். அது சில்லின் ஒரு பகுதியை வீணடித்துத்தான் படத்தை நேராக்குகிறது. எழுத்தின் கூர்மை போய்விடும். கருவியையே நகர்த்தி நேராக்கிவிட்டு, மிச்சமிருக்கும் கோணலுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

கூரையில் மாட்டுவதென்றால் போல்ட் கான்கிரீட் தளத்தில் இறங்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கில் தொங்கவிட்ட கருவி இன்றைக்கு நிற்கும், என்றைக்கு விழும் என்று சொல்ல முடியாது. கீழே உட்கார்ந்திருப்பது பிள்ளைகள். தாங்கிக்குத் துணையாக ஒரு இரும்புக் கம்பி வடத்தையும் தனியாகக் கட்டிவிடுங்கள். டெஸ்க் மேல் நாற்காலி, நாற்காலி மேல் தம்பி என்ற ஏற்பாடு எந்தக் காலத்திலும் வேண்டாம். நல்ல ஏணி ஒன்று வாங்கி வையுங்கள்.

இனி மின்சாரம். நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் போர்டில் செருகுவதை இன்றும் பார்க்கிறேன். அந்தப் பின் எர்த். அது இல்லாவிட்டால், உள்ளே ஒரு ஒயர் பழுதாகி உலோக உடம்பைத் தொட்டாலும் உங்களுக்குத் தெரியாது, நீங்கள் தொடும் வரைக்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை லைனில் போடுங்கள். மின்சாரம் உடம்பு வழியாகக் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் அது லைனைத் துண்டித்துவிடும். திறந்தவெளி விழா, ஈரத் தரை, நாலு இடத்தில் ஒட்டுப்போட்ட எக்ஸ்டென்ஷன் ஒயர் என்றால் அது கட்டாயத் தேவை.

ஜெனரேட்டர் வைக்கும் இடங்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் ஒயர் தளர்ந்துபோனால், லோடு அதிகமுள்ள ஃபேஸில் வோல்டேஜ் தாழும், குறைவாக உள்ளதில் ஏறும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 300-ஐயும் தாண்டலாம். ஒரு மண்டபத்தில் கருவியைச் செருகும் முன் மீட்டர் வைத்துப் பார்த்தேன்; 310 காட்டியது. அங்கிருந்த ஒயர்மேனிடம் சொன்னால், "கரண்ட் நல்லாத்தான் சார் இருக்கு, ஃபேன் எல்லாம் எவ்ளோ வேகமா சுத்துது பாருங்க!" என்றார். ஃபேன் வேகமாகச் சுற்றியதே அதனால்தான் என்று விளக்கி, ஜெனரேட்டரை நிறுத்தி, நியூட்ரல் முனையை முறுக்கிய பிறகே கல்யாண வீடியோ ஓடியது. முந்நூறு ரூபாய் மீட்டர் ஒன்று அன்று பல ஆயிரம் ரூபாய்ப் பொருளைக் காப்பாற்றியது.

மூன்றாவது சூடு. பழைய வகைப் புரொஜெக்டரில் இருப்பது பாதரச விளக்கு. எரியும்போது அதற்குள் அழுத்தம் சுமார் 200 வளிமண்டலம் வரை போகும். கார் டயரில் அடிக்கும் காற்றைப்போல எண்பது மடங்குக்கும் மேல். ஆகவே படம் முடிந்ததும் மெயினைப் பிடுங்காதீர்கள். ரிமோட்டில் அணைத்து, உள்ளே ஃபேன் சுற்றி நின்ற பிறகுதான் மெயின். கரண்ட் திடீரென்று போகும் ஊரில் சின்ன யு.பி.எஸ். ஒன்று அந்த ஃபேனுக்காகவே தேவை. விளக்கை மாற்றுவதானால் மெயினைப் பிடுங்கி, ஒரு மணி நேரமாவது ஆறவிட்டு, கண்ணாடியில் விரல் படாமல் மாற்றுங்கள். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூட்டில் பலவீனமாகும். விளக்கு வெடித்துவிட்டால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஜன்னல்களைத் திறந்து, காற்றோட்டம் வந்தபின் சில்லுகளை அட்டையால் திரட்டி மூடிய டப்பாவில் போட்டு மின்கழிவாகக் கொடுங்கள். துடைப்பம், வாக்யூம் கிளீனர் வேண்டாம். அவை பாதரசத்தைப் பரப்பிவிடும். தியேட்டரில் இருக்கும் ஸெனான் விளக்கு அணைந்து ஆறிய நிலையிலும் அழுத்தத்தோடுதான் இருக்கும். முகக்கவசம் போட்ட, பயிற்சி பெற்றவர் மட்டுமே அதைத் தொடலாம்.

கருவி மூச்சு விடவும் வேண்டும். கோடையில் நம் ஊர் வெப்பம் எல்லோரும் அறிந்ததே. சாக்பீஸ் தூள், ஊதுவத்திப் புகை, ரோட்டுத் தூசி எல்லாம் ஃபில்டரில் அடைத்துக்கொண்டால் கருவி சூடாகித் தானே அணைந்துவிடும். மாதம் ஒரு முறை ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள். காற்று போகும் வழியில் திரைச்சீலையோ புத்தகமோ இருக்கக் கூடாது. தலைவர் பேசும்போது படத்தை மறைக்க லென்ஸ் முன்னால் அட்டையை வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்; அட்டை கருகும், தீயும் பிடிக்கலாம். அதற்காகவே ரிமோட்டில் 'பிளாங்க்' அல்லது 'மியூட்' பொத்தான் இருக்கிறது.

கடைசியாகக் கண். இப்போது வரும் லேசர் புரொஜெக்டர்கள் நல்லவை. பாதரசம் இல்லை, 20,000 மணி நேரம் அளவுக்கு உழைக்கும் என்கிறார்கள். ஆனால் வெளிச்சம் ஒரு சின்னப் புள்ளியிலிருந்து வருகிறது. 2019 டிசம்பர் 26 அன்று வளைய சூரிய கிரகணம் வந்தபோது, வெறும் கண்ணால் பார்க்காதே என்று பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொன்னோம்! லென்ஸுக்குள் எட்டிப் பார்க்கும் பிள்ளைக்கும் அதையே சொல்ல வேண்டும். கருவியின் உடம்பில் 'ரிஸ்க் குரூப் 2' என்று இருந்தால் ஒளியை உற்றுப் பார்க்கக் கூடாது. '3' என்று இருந்தால் அது பெரிய அரங்குக்கான கருவி. எவ்வளவு தூரத்துக்குள் யார் கண்ணும் ஒளிப்பாதையில் வரக் கூடாது என்பது கையேட்டில் இருக்கும். அந்தத் தூரத்தை மனிதர் எட்டாத உயரத்தில் அமைக்க வேண்டும். ஆசிரியர்கள் திரைக்குப் பக்கவாட்டில் நின்று குச்சியால் காட்டினால் போதும். வெளிச்சத்துக்கு நடுவில் நின்று மாணவர்களைப் பார்த்தால் கண் கூசும்.

நண்பர்களே, நம் பேட்ச் சார்பில், படித்த பள்ளிக்கு ஒரு புரொஜெக்டர் என்று வாங்கிக் கொடுக்கிறோம். நல்ல வழக்கம். ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, கருவியில் பெயரும் ஒட்டுகிறோம். ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் அது பீரோவுக்குள் தூங்குகிறது, அல்லது உடைந்த பிளக்கோடு ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டுமே நம் பணத்துக்கு மரியாதை இல்லை; இரண்டாவது ஒரு பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. இனி கொடுக்கும்போது விலையில் பத்தில் ஒரு பங்கை எர்த்துக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் யு.பி.எஸ்.ஸுக்கும் ஒதுக்குங்கள். அரை நாள் அங்கேயே தங்கி, ஓர் ஆசிரியருக்கும் இரண்டு மாணவர்களுக்கும் கற்றுக்கொடுங்கள். அவர்கள் பெயரைச் சுவரில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். பொறுப்புக்கு ஒரு பெயர் இருந்தால்தான் வேலை நடக்கும்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கும் ஒரு வேலை. நம் கல்லூரியின் ஒவ்வொரு வகுப்பிலும் கருவி இருக்கிறது. சுவிட்ச் பக்கத்தில் ஓர் அட்டையில் ஐந்து வரி எழுதி மாட்டுங்கள்: எர்த் பின் இருக்கிறதா, காற்று வழி திறந்திருக்கிறதா, முன் விளக்கு அணைந்ததா, ஒளிப்பாதையில் யாராவது நிற்கிறார்களா, முடிந்ததும் ஃபேன் நின்ற பிறகுதான் மெயின். படிக்க அரை நிமிடம்கூட ஆகாது. வேலைக்குப் போகும்போது இந்தப் பழக்கமும் உங்களோடு வரும். எந்தத் துறைக்குப் போனாலும் அதற்கு மதிப்பு உண்டு.